சுகாதாரக் கொள்கைக்கு மாவட்ட மருத்துவச் சங்கம் பதில் எழுதுவது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறைக்கான செயல்முறை

ஒரு கொள்கை வரைவோ சுற்றறிக்கையோ வெளியானதும் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் கருத்துகள் குவியும். மூன்றாம் நாள் ஒரு கண்டன அறிக்கை பத்திரிகைக்குப் போகும். அடுத்த மாதம் அந்தக் கொள்கை எழுதிய மாதிரியே நடைமுறைக்கு வந்துவிடும். அறிக்கையில் உள்ள நியாயம் பெரும்பாலும் சரியானதாகவே இருக்கும். ஆனால் கேட்ட காரியத்தில் கையெழுத்து வைக்க அதிகாரம் உள்ளவரிடம் அது போயிருக்காது. போயிருந்தாலும், அவர் தன் மேலதிகாரியிடம் எடுத்துக்காட்டக்கூடிய ஓர் எண் அதில் இருக்காது. இந்தக் கையேடு முழுவதும் அந்த இரண்டு குறைகளைப் பற்றியது: யாருடைய கையெழுத்து, எந்த எண்.

முதலில் தாளின் வகையைப் பாருங்கள்

உள்ளடக்கத்தை வாசிக்க முன் அது என்ன வகைத் தாள் என்று எழுதி வையுங்கள். சட்டமூலமா, வர்த்தமானி ஒழுங்குவிதியா, தேசியக் கொள்கை வரைவா, சுகாதார அமைச்சின் பொதுச் சுற்றறிக்கையா, மாகாண அமைச்சின் கடிதமா, அல்லது ஒரு கூட்டத்தில் வாயால் சொல்லப்பட்டதா? சட்டமூலமென்றால் வழக்கறிஞர் ஒருவரை அன்றைக்கே தொடர்புகொள்ளுங்கள். நீதிமன்றம் போவதற்கான கால எல்லை மிகக் குறுகியது. கொள்கை வரைவென்றால் கருத்துக் கேட்கும் கடைசித் திகதி முதல் பக்கத்தில் அல்லது கூடவந்த கடிதத்தில் இருக்கும். சுற்றறிக்கையென்றால் அது ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. அங்கே "எதிர்க்கிறோம்" என்று எழுதுவதை விட "இந்தப் பந்தியை இப்படித் திருத்துங்கள்" என்று எழுதுவதே பலன் தரும். வாயால் சொல்லப்பட்டதென்றால் பதில் எழுத வேண்டாம். அந்தத் தீர்மானத்தை எழுத்தில் தரும்படி கேட்டு ஒரு கடிதம் மட்டும் போடுங்கள். வதந்திக்கு மூன்று பக்கப் பதில் எழுதிய சங்கத்தை அடுத்த முறை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

தாள் ஆங்கிலத்தில் மட்டும் வந்திருந்தால் தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள். அரசியலமைப்பின் 4 ஆம் அத்தியாயப்படி வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி. கேட்டுவிட்டுக் காத்திருக்கக் கூடாது. கால எல்லை உங்களுக்காக நிற்காது. ஆங்கிலப் பிரதியை வைத்தே வேலையைத் தொடங்குங்கள்.

யார் கையெழுத்து வைப்பவர்

1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகு சுகாதாரம் இரண்டு கைகளில் இருக்கிறது. தேசியக் கொள்கை, போதனா வைத்தியசாலைகள், மருந்துக் கொள்வனவு, வைத்தியர் நியமனம் ஆகியவை மத்திய அமைச்சிடம் உள்ளன. பிரதேச வைத்தியசாலைகள், ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவுகள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் மாகாணத்திடம் உள்ளன. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ் இருக்கிறது. அங்கே உள்ள ஒரு குறைக்கு மாகாணப் பணிப்பாளரிடம் மனுக் கொடுத்தால், அவர் மரியாதையாக வாங்கிக் கொழும்புக்கு அனுப்பிவைப்பார். அதிலேயே ஒரு மாதம் போய்விடும். உங்கள் பதிலில் வரும் ஒவ்வொரு வைத்தியசாலைக்கும் எதிரே "மத்தி" அல்லது "மாகாணம்" என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆதார வைத்தியசாலைகள் விடயத்தில் ஊகிக்க வேண்டாம். சில மத்திக்குக் கைமாறியிருக்கின்றன. வைத்திய அத்தியட்சகரிடம் நேரே கேட்டுவிடுங்கள்.

அம்பாறை மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. நிர்வாகத்தில் அது ஒரு மாவட்டம், 20 பிரதேச செயலகப் பிரிவுகள். சுகாதாரத்தில் அது இரண்டு பிராந்தியங்கள்: அம்பாறை, கல்முனை. கல்முனையிலிருந்து பொத்துவில் வரையான கரையோரம் கல்முனைப் பிராந்தியப் பணிப்பாளரின் கீழ் வருகிறது. மாவட்டச் செயலாளரின் கூட்டத்தில் பேசப்படுவது முழு மாவட்டமும். சுகாதாரப் புள்ளிவிவரமோ இரண்டு பணிமனைகளிலும் தனித்தனியாக இருக்கும். இரண்டு பணிப்பாளர்களுக்கும் ஒரே நாளில் பிரதி கொடுக்காவிட்டால், கிடைக்காதவர் அதை எதிரணியின் தாளாகவே பார்ப்பார்.

கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 இல் முடிந்தது. சபை இயங்காத காலத்தில் மாகாண சுகாதார அமைச்சர் என்று ஒருவர் இல்லை. முடிவு ஆளுநரிடமும் மாகாண சுகாதார அமைச்சின் செயலாளரிடமும் இருக்கும். பழைய கடிதத்தைப் பார்த்துப் பிரதி எடுக்கும்போது "மாண்புமிகு மாகாண சுகாதார அமைச்சர்" என்ற முகவரியும் சேர்ந்து வந்துவிடும். கவனியுங்கள்.

ஆளணியிலும் இதே பிரிப்பு உண்டு. வைத்தியர், தாதியர் நாடளாவிய சேவையினர். அவர்களின் நியமனமும் இடமாற்றமும் கொழும்பில் நடக்கின்றன. சாரதியும் சிற்றூழியரும் மாகாணத்தின் கையில். புதிய பதவியொன்றை உருவாக்குவதென்றால் திறைசேரியின் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் அங்கீகரிக்க வேண்டும். "ஒரு வைத்தியரும் ஒரு அம்புலன்ஸ் சாரதியும் தேவை" என்ற ஒரே வரி இரண்டு வேறு அலுவலகங்களுக்குப் போக வேண்டிய இரண்டு கோரிக்கைகள். சேர்த்து எழுதினால் இரண்டு அலுவலகமும் மற்றதைக் கைகாட்டும்.

பணிக்குழு

5 முதல் 7 பேர் போதும். 12 பேர் கூடினால் கூட்டம் நடக்கும், வரைவு நடக்காது. கட்டாயம் இருக்க வேண்டியவர்கள்: சமுதாய மருத்துவம் தெரிந்த ஒருவர், விசேட வைத்தியர் ஒருவர், சிறிய பிரதேச வைத்தியசாலையில் இப்போது வேலை செய்யும் வைத்தியர் ஒருவர், எண்களைச் சரிபார்க்கும் ஒருவர், தமிழில் தெளிவாக எழுதும் ஒருவர். மூன்றாமவரைத்தான் பல சங்கங்கள் விட்டுவிடுகின்றன. நகரத்து மேசையிலிருந்து வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை வைத்தியசாலையைப் பற்றி எழுதும்போது தவறுகள் நுழைவது அங்கேதான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவரையும் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரையும் ஆலோசனைக்கு அழையுங்கள். சங்க உறுப்பினர் அல்லாவிட்டாலும் களத்தை அவர்கள் அளவுக்கு அறிந்தவர் யாருமில்லை.

முதல் கூட்டத்திலேயே ஒவ்வொருவரும் தன் தனிப்பட்ட நலனை எழுத்தில் சொல்ல வேண்டும்: தனியார் சிகிச்சை நிலையம், ஆய்வுகூடப் பங்கு, மருந்து நிறுவன அனுசரணை, இடமாற்ற விண்ணப்பம். இருப்பது குற்றமில்லை, சொல்லாமல் விடுவதுதான் பிழை. தன் தீர்மானத்தைப் பற்றியே சங்கம் எழுதும் நிலையில் உள்ள நிர்வாக அதிகாரி தகவல் தரலாம், வாக்களிக்க வேண்டாம்.

21 நாள் கிடைத்தால் இப்படிப் பிரிக்கலாம்: முதல் 2 நாள் தாளை வாசித்து எதற்கு யார் கையெழுத்து வைப்பவர் என்ற பட்டியல் தயாரிக்க, அடுத்த 8 நாள் எண் திரட்ட, 4 நாள் மக்களிடம் கேட்க, 3 நாள் எழுத, 2 நாள் உறுப்பினர் பார்வைக்கு, கடைசி 2 நாள் திருத்தம், மொழிபெயர்ப்பு, அனுப்புதல். 7 நாள் மட்டுமே இருந்தால் மக்கள் பகுதியைச் சுருக்குங்கள்; எண் பகுதியைச் சுருக்க வேண்டாம். தவறான ஒரே எண் முழுப் பதிலையும் சாய்த்துவிடும்.

எண்கள்: இங்கேதான் வேலை

2018 ஆம் ஆண்டுச் சுகாதாரச் சேவைக் கொள்கையோடு கொத்தணி முறை வந்தது: ஒரு விசேட வைத்தியசாலையைச் சுற்றி ஆரம்பப் பராமரிப்பு நிலையங்களை இணைப்பது. யோசனை நல்லது. அதன் கீழ் ஒரு சிறிய வைத்தியசாலையின் தங்கு விடுதியை மூடலாமா என்ற கேள்வி எங்கும் எழக்கூடும். அதையே உதாரணமாக எடுப்போம். கீழே உள்ள எண்கள் கணக்கு விளங்குவதற்காக மட்டும்.

20 கட்டில் உள்ள ஒரு வைத்தியசாலை. ஒரு காலாண்டு 90 நாள். 20 × 90 = 1800 கட்டில்நாள். நோயாளர் தங்கிய நாட்களின் கூட்டுத்தொகை 540. 540 ஐ 1800 ஆல் வகுத்தால் 30 வீதம். மூடச் சொல்பவர் இந்த 30 வீதத்தைத்தான் காட்டுவார், அது சரியான எண்ணும்கூட. அதை மறுக்க முயல வேண்டாம். ஏன் 30 என்று கண்டுபிடியுங்கள்.

அதற்கு நான்கு பதிவுகள் வேண்டும்: அனுமதிப் பதிவேடு, வெளிநோயாளர் பதிவேடு, வேறு வைத்தியசாலைக்கு மாற்றி அனுப்பிய பதிவேடு, அம்புலன்ஸின் ஓட்டப் புத்தகம். மாற்றி அனுப்பியவர்களை நேரப்படி பிரியுங்கள். காலை 8 முதல் மாலை 4 வரை எத்தனை, மாலை 4 க்குப் பிறகு எத்தனை. பிறகு காரணப்படி: விசேட சிகிச்சை தேவைப்பட்டவர், வைத்தியர் இல்லாததால் அனுப்பப்பட்டவர், மருந்தோ பரிசோதனையோ இல்லாததால் அனுப்பப்பட்டவர். மாலைக்குப் பிந்திய மாற்றங்களில் பெரும்பகுதி வைத்தியர் இல்லாத காரணத்தால் நடந்திருந்தால், கட்டில் காலியாகக் கிடப்பது ஆளணிக் குறைவின் விளைவு. விளைவையே காரணமாக்கி விடுதியை மூடுவது தவறு என்று அப்போது நீங்கள் சொல்லலாம், ஆதாரத்தோடு. மாறாக, மாற்றங்களில் பெரும்பகுதி உண்மையிலேயே விசேட சிகிச்சைக்காக இருந்தால், மூடும் யோசனையில் நியாயம் இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டு, அம்புலன்ஸையும் அவசர சிகிச்சை அறையையும் கேட்பதே நேர்மை. எண் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் பதில் சாய வேண்டும்.

மூடினால் நோயாளி எங்கே போவார், எவ்வளவு நேரத்தில் போவார் என்பதையும் அளக்க வேண்டும். வரைபடத்தில் கோடு போட்டு அளக்கும் தூரம் மட்டக்களப்பில் பொய் சொல்லும், வாவி குறுக்கே கிடக்கிறது. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கத்துப் பயணம் மாறிவிட்டது. ஆனால் மண்டூரிலிருந்து குருமண்வெளிக்கு வரும் ஒருவருக்குப் பாதை (வாவியைக் கடக்கும் மிதவை) ஓடும் நேரமும் முக்கியம். மூன்று நேரங்களை எழுதுங்கள்: பகலில் கோடைகாலப் பயண நேரம், இரவில் பாதை இல்லாத நேரத்துச் சுற்றுப் பயணம், மார்கழி வெள்ளத்தில் வீதி மூழ்கிய நாளின் நேரம். கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் சேருங்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் வீட்டிலிருந்தும் வீதியிலிருந்தும் வைத்தியசாலைக்கு ஏற்றிவரும் சேவை. ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது அந்தந்த வைத்தியசாலையின் வண்டியின் பொறுப்பு. "அதுதான் 1990 இருக்கிறதே" என்ற பதில் வந்தால் இந்த வேறுபாட்டைச் சொல்லுங்கள்.

ஆளணியை நான்கு நிரலில் எழுதுங்கள்: அங்கீகரிக்கப்பட்டது, நியமிக்கப்பட்டது, வேறிடத்தில் இணைப்பில் இருப்பது, இன்று உண்மையில் வேலை செய்வது. இரண்டாம் நிரலை மட்டும் காட்டினால் அமைச்சின் தாளில் வெற்றிடம் இல்லை என்று பதில் வரும். பிரச்சினை மூன்றாம் நிரலில்தான் இருக்கும், பிரசவ விடுமுறையும் பயிற்சி விடுமுறையும் சேர்த்து.

மருந்துத் தட்டுப்பாட்டை "மருந்தே இல்லை" என்று எழுத வேண்டாம். 10 மருந்தைத் தெரிவுசெய்யுங்கள். மெட்போமின், லொசார்ட்டன், அட்டோர்வஸ்டட்டின், 75 மில்லிகிராம் அஸ்பிரின், தைரொக்சின், இன்சுலின், சல்பியூட்டமோல் இன்ஹேலர், அமொக்சிசிலின், பரசிட்டமோல், ஜீவனி போன்றவை. காலாண்டின் 90 நாளில் ஒவ்வொன்றும் இருப்பு பூச்சியமாக இருந்த நாட்களை இருப்பு அட்டையிலிருந்து எண்ணுங்கள். 10 × 90 = 900 மருந்துநாள். அதில் 108 பூச்சியமென்றால் 12 வீதம். பிறகு ஒவ்வொரு மருந்தும் எங்கே தடைப்பட்டது என்று பின்னோக்கிப் போங்கள். வைத்தியசாலை அனுப்பிய வருடாந்த மதிப்பீடே குறைவா? பிராந்திய மருத்துவ வழங்கல் பிரிவில் இருந்தும் வாகனம் இல்லாமல் வரவில்லையா? கொழும்பு மருத்துவ வழங்கல் பிரிவிலேயே இல்லையா? முதலாவது வைத்தியசாலையிலேயே திருத்தக்கூடியது. இரண்டாவது பிராந்தியப் பணிப்பாளரிடம் தீரும். மூன்றாவதுக்கு மட்டுமே கொழும்புக்கு எழுத வேண்டும். இந்தப் பின்னோக்கிய தேடலைச் செய்யாமல் எல்லாவற்றையும் அமைச்சர்மேல் சுமத்துவது எளிது, ஆனால் மருந்து வந்து சேராது.

தொற்றுநோய் எண்களில் மூன்று பொறிகள் உண்டு. முதலாவது, எச் 544 எனும் தொற்றுநோய் அறிவித்தல் படிவம் சந்தேகத்தின் பேரிலேயே அனுப்பப்பட வேண்டியது. ஆகவே அறிவித்தல் கூடியது நோய் கூடியதால் மட்டும் இருக்க வேண்டியதில்லை. விடுதியில் ஒரு அக்கறையான வைத்தியர் சேர்ந்ததாலும் இருக்கலாம். இரண்டாவது முகவரி. வெல்லாவெளியிலிருந்து வந்து கல்லடியில் உறவினர் வீட்டில் நிற்பவர் கல்லடி முகவரியையே சொல்வார். நுளம்பு இருந்த இடம் ஒன்று, பரிசோதகர் போகும் இடம் இன்னொன்று. போதனா வைத்தியசாலையின் அனுமதிகளை அப்படியே மாவட்டத்தின் நோய் எண்ணிக்கையாக எடுப்பதும் இதே தவறுதான், அயல் மாவட்டத்தவரும் அங்கே வருகிறார்கள். மூன்றாவது பருவம். எங்களுக்கு டெங்கு வடகீழ் பருவமழையோடு ஏறும். சனவரி எண்ணை ஆடி மாத எண்ணோடு ஒப்பிட்டால் எந்தக் கொள்கையும் தோற்றதாகவோ வென்றதாகவோ காட்டலாம். சுகாதார வைத்திய அதிகாரி வாராந்தம் அனுப்பும் எச் 399 அறிக்கையிலிருந்து அதே வாரங்களை எடுத்துக் கடந்த 5 ஆண்டுச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

வீதம் கணிக்கும்போது கீழே வரும் சனத்தொகை எது? 2012 குடிசனக் கணக்கெடுப்பில் மட்டக்களப்பு மாவட்டம் சுமார் 5 இலட்சத்து 26 ஆயிரம், அம்பாறை சுமார் 6 இலட்சத்து 49 ஆயிரம். அதற்குப் பிந்திய மதிப்பீடுகளும் பிரதேச செயலகக் கணக்கும் குடும்பநல உத்தியோகத்தரின் பதிவும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. ஒன்றைத் தெரிந்து, எது என்று எழுதி, கடைசிவரை அதையே பயன்படுத்துங்கள். கல்முனைப் பிராந்தியத்தின் நோயாளர் எண்ணை முழு அம்பாறை மாவட்டத்தின் சனத்தொகையால் வகுத்துவிட்டால் வீதம் உண்மையை விடக் குறைந்து தெரியும். நீங்கள் கேட்டதற்கு எதிராகவே அந்த எண் நிற்கும்.

சிறிய எண்கள் இன்னொரு வகையில் ஆபத்தானவை. ஒரு பிரதேசத்தில் ஒரு வருடத்தில் நடந்த தாய் மரணம் ஒன்றோ இரண்டோ இருக்கும். அதை ஊர்ப்பெயரோடு எழுதினால் அந்தக் குடும்பத்தை ஊர் முழுக்க அடையாளம் காணும். 5 க்குக் குறைந்த எந்த எண்ணையும் ஊர்மட்டத்தில் வெளியிட வேண்டாம்; மூன்று வருடத்தைச் சேர்த்து, பிராந்திய மட்டத்தில் காட்டுங்கள். பதிவேடுகளைப் பார்க்கப் பிராந்தியப் பணிப்பாளரின் எழுத்து அனுமதி வேண்டும். நோயாளரிடம் முறையாகக் கேள்விக்கொத்து நிரப்பி ஆய்வாக வெளியிடுவதென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தை முதலில் அணுகுங்கள்.

மக்களிடம் கேட்பது

5 கேள்வி போதும். கடைசியாகச் சுகமில்லாமல் வந்தபோது எங்கே போனீர்கள்? ஏன் பக்கத்து வைத்தியசாலைக்குப் போகவில்லை? போய்வர எவ்வளவு நேரம், எவ்வளவு காசு? எழுதிக்கொடுத்த மருந்தில் எதை வெளியில் வாங்கினீர்கள்? இந்த வைத்தியசாலையில் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றச் சொல்வீர்கள்?

கிளினிக் வரிசையில் மட்டும் கேட்டால் வந்துசேர்ந்தவர்களின் பதில்தான் கிடைக்கும். வர முடியாதவர்தான் கொள்கையால் அதிகம் பாதிக்கப்படுபவர். அவரை வீட்டிலோ வேலையிடத்திலோ தேடிப் போக வேண்டும். பெரும்போக விதைப்பு நாட்களில் காலையில் வயற்காரர் யாரையும் வீட்டில் பிடிக்க முடியாது. மாலை ஆறுக்குப் பிறகு போங்கள். மீன்பிடிக் கிராமத்தில் தோணி கரையேறி மீன் விற்று முடிந்த பிறகே பேசலாம். நோன்பு மாதத்தில் காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டாம். பெண்களிடம் பெண்ணே கேட்கட்டும். தமிழ், முஸ்லிம், சிங்களக் கிராமங்களும் வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் குடியிருப்புகளும் உங்கள் பட்டியலில் இருக்கட்டும். ஓர் இனத்தின் ஊர்களை மட்டும் கேட்ட பதில் இந்த இரண்டு மாவட்டங்களிலும் முதல் வாசிப்பிலேயே மதிப்பிழக்கும், அது நியாயமும்கூட.

சொன்னவரின் வார்த்தையை அவர் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். இரண்டு மூன்று கூற்றுக்கு மேல் பதிலில் சேர்க்கவும் வேண்டாம்.

எழுதுவது

நாலு பக்கம். பின்னிணைப்பு எவ்வளவும் இருக்கலாம், ஆனால் செயலாளர் வாசிக்கப்போவது முதல் பக்கத்தைத்தான். முதல் பந்தியில் தாளின் இலக்கம், திகதி, சங்கம் யார், எதை ஆதரிக்கிறது, எதை மாற்றக் கேட்கிறது. ஆதரிப்பதை முதலில் சொல்லுங்கள். முகஸ்துதிக்காக அல்ல, நல்ல பந்தியை யாரும் ஆதரித்து எழுதாவிட்டால் இறுதி வரைவில் அதுவும் வெட்டப்படலாம்.

ஒவ்வொரு பரிந்துரையும் ஐந்து கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்: என்ன, யார், எப்போது, என்ன செலவு, நடந்ததா என்று எப்படித் தெரியும். ஒரு மாதிரி:

"வரைவின் பந்தி 4.2 இல் உள்ள 'கட்டில் பயன்பாடு 40 வீதத்துக்குக் குறைந்த விடுதிகள்' என்பதற்குப் பதிலாக, 'அங்கீகரிக்கப்பட்ட வைத்திய ஆளணி தொடர்ந்து 6 மாதம் நிரப்பப்பட்டிருந்தும் கட்டில் பயன்பாடு 40 வீதத்துக்குக் குறைந்த விடுதிகள்' எனத் திருத்துமாறு கேட்கிறோம். இதைச் செய்யக்கூடியவர்: சுகாதார அமைச்சின் செயலாளர். மேலதிகச் செலவு இல்லை. அளவுகோல்: பிராந்தியப் பணிமனையின் மாதாந்த ஆளணி அறிக்கை."

பாருங்கள், இதில் "ஆவன செய்யுமாறு", "உரிய நடவடிக்கை எடுக்குமாறு" என்ற எந்த வரியும் இல்லை. அந்த வரிகளுக்குக் கிடைக்கும் பதில் "கவனத்தில் எடுக்கப்பட்டது" என்பதுதான். பந்தியை நீங்களே திருத்தி எழுதிக்கொடுத்தால், ஏற்றுக்கொள்ளும் அதிகாரிக்கு அதை அப்படியே எடுத்து ஒட்டும் வேலை மட்டுமே மிஞ்சும்.

பரிந்துரை ஆறுக்கு மேல் போகக்கூடாது. இருபது கேட்டால் அவர்களுக்கு எளிதான மூன்றைத் தெரிந்து நிறைவேற்றிவிட்டு, சங்கத்தின் கோரிக்கை ஏற்கப்பட்டது என்று சொல்லிவிடுவார்கள்.

பணம் தேவைப்படும் பரிந்துரைக்கு மூலதனச் செலவையும் மீண்டுவரும் செலவையும் பிரித்து எழுதுங்கள். கட்டடம் வாங்கிவிட்டு மின்கட்டணத்துக்கும் ஆளுக்கும் வழியில்லாமல் பூட்டிக்கிடப்பது இந்தப் பிரிப்பு இல்லாததால்தான். அலகு விலையை நீங்களே ஊகிக்க வேண்டாம். பிராந்தியப் பணிமனையின் திட்டமிடல் பிரிவில் கேளுங்கள். நிதியாண்டு சனவரியில் தொடங்குகிறது, வரவுசெலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் பாராளுமன்றத்துக்கு வருகிறது. நிறுவனங்களின் மதிப்பீடுகள் அதற்குப் பல மாதம் முன்பே திரட்டப்பட்டுவிடும். ஆனி, ஆடிக்குள் மேசைக்குப் போகாத கோரிக்கை ஒரு வருடம் பிந்தும்.

உறுப்பினர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தால் மறைக்க வேண்டாம். வாக்கெடுப்பு நடத்துங்கள், எத்தனைக்கு எத்தனை என்று எழுதுங்கள், மாற்றுக் கருத்தைக் கால் பக்கத்தில் சேருங்கள். மறைத்தால் அது வேறொரு கையெழுத்தோடு தனிக் கடிதமாக அதே அலுவலகத்துக்குப் போய்ச்சேரும்.

கொழும்புக்குப் போகும் பிரதிக்குச் சிங்கள மொழிபெயர்ப்பும் இணைக்கப்படட்டும். அம்பாறைப் பிராந்தியத்துக்கும் அப்படியே. மொழிபெயர்த்தவரல்லாத ஒருவர் எண்கள், திகதிகள், பந்தி இலக்கங்கள் மூன்றையும் இரண்டு பிரதியிலும் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். அரை மணி நேர வேலை, ஆனால் தவறவிடக் கூடாதது.

கொடுப்பதும் பேசுவதும்

பதிவுத் தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, கையில் ஒன்று. கையில் கொடுக்கும்போது உங்கள் பிரதியில் திகதியோடு "கிடைத்தது" முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம். பிரதிகள்: மாகாணப் பணிப்பாளர், சம்பந்தப்பட்ட பிராந்தியப் பணிப்பாளர்கள், மாகாண சுகாதார அமைச்சின் செயலாளர், மாவட்டச் செயலாளர், அந்தந்த வைத்தியசாலை அபிவிருத்திக் குழு. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் நிகழ்ச்சிநிரலில் சேர்க்கக் கேட்டு மாவட்டச் செயலாளருக்குத் தனிக் கடிதம் கொடுங்கள். "வேறு விடயங்கள்" என்ற இடத்தில் எழுந்து பேசுவது பதிவுக்கு வராது.

ஊடகம் பிறகுதான். கடிதம் சேர்ந்து சில நாள் கழித்து, ஒரே பேச்சாளர், ஒரே பக்கச் சுருக்கம். பத்திரிகையில் வாசித்து அறிந்த அதிகாரி பதிலை வாசிக்க முன்பே எதிராகிவிடுவார். அரச சேவையில் உள்ள உறுப்பினர்கள் தாபன விதிக்கோவையின் 47 ஆம் அத்தியாயத்தை நினைவில் வைத்திருக்க வேண்டும்: பதவிவழி கிடைத்த தகவலை அனுமதியின்றி ஊடகத்துக்குக் கொடுப்பது ஒழுக்காற்று விசாரணைக்கு இட்டுச்செல்லும். ஆகவே பேச்சாளர் சங்கத்தின் பெயரில், சங்கம் ஏற்றுக்கொண்ட தாளில் உள்ளதை மட்டும் சொல்ல வேண்டும். தன் வைத்தியசாலையின் உள்விவரத்தை அந்தக் கேள்வி நேரத்தில் இழுக்க வேண்டாம். ஓய்வுபெற்ற வைத்தியர் ஒருவர் பேச்சாளராக இருந்தால் இளையவர்களுக்குப் பாதுகாப்பு. நோயாளியின் படம், கட்டிலின் தலையட்டை, விடுதிக்குள் எடுத்த காணொளி எதுவும் வெளியே போகக்கூடாது.

பின்தொடர்தல்

30 ஆம் நாள் ஒரு நினைவூட்டல். 45 ஆம் நாளும் பதில் இல்லையென்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் இலங்கைப் பிரசைகளாக இருந்தால் சங்கத்தின் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். தமிழில் எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதன் பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு.

கேட்கும் முறைதான் முக்கியம். "எங்கள் பதிலை ஏன் கவனிக்கவில்லை?" என்பது கேள்வி, தகவல் அல்ல. "இன்ன திகதியிட்ட எமது கடிதம் தொடர்பாகக் கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகளின் பிரதி", "இன்ன வைத்தியசாலைகளின் அங்கீகரிக்கப்பட்ட ஆளணியும் இன்றைய ஆளணியும்", "இன்ன கூட்டத்தின் அறிக்கை" என்று இருக்கும் ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். தனிநபரின் மருத்துவப் பதிவு அவரின் எழுத்துச் சம்மதமின்றி இந்தச் சட்டத்தில் பொதுவாகக் கிடைக்காது. கேட்டால் முழு விண்ணப்பமும் அதைக் காரணம் காட்டித் தாமதமாகலாம்.

ஒரு தாளில் ஆறு பரிந்துரையையும் கீழே கீழே எழுதி, எதிரே பொறுப்பான அலுவலகம், அனுப்பிய திகதி, கிடைத்த பதில், அடுத்த நடவடிக்கை, அதைச் செய்யும் உறுப்பினர் என்று நிரல் போடுங்கள். ஒவ்வொரு நிறைவேற்றுக்குழுக் கூட்டத்திலும் இந்தத் தாள் முதலாவதாகப் பேசப்படட்டும். உத்தியோகத்தர்களுக்கு இடமாற்றம் வரும், சங்கச் செயலாளரும் அடுத்த வருடம் மாறுவார். ஆகவே மூலப் பதிவுகளிலிருந்து எடுத்த கணக்குத் தாள்கள், அனுமதிக் கடிதங்கள், முத்திரையிட்ட பிரதிகள் எல்லாம் ஒருவரின் மடிக்கணினியில் இருக்காமல் சங்கத்தின் கோப்பில் இருக்க வேண்டும். புதிய செயலாளர் பொறுப்பேற்கும் அன்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் பொருட்களில் பணப் புத்தகத்தோடு இந்தக் கோப்பும் ஒன்று.